துணுக்கும் மிஞ்சக் கூடாது

“கத்தி வைப்பாங்களா தம்பி?”

மூத்திரப்பையில் கல் இருக்கிறது, பதுளைக்குப் போங்கள் என்று டொக்டர் துண்டு எழுதிக் கொடுத்ததும் கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டங்களில் முதலில் எழும் கேள்வி இதுதான். கேட்பவர் பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய ஆண். வாழ்நாள் முழுக்கக் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். கத்தி என்ன செய்யும் என்று தெரிந்தவர் என்பதாலேயே அவருக்குப் பயம் அதிகம். துண்டை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, மாதக்கணக்கில் வலியோடு நடமாடுவார்.

அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். உட்காருங்கள் மாமா, தேத்தண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கல்லை எடுக்க மனிதன் என்னென்ன கருவி செய்தான், எது எதனால் மாறியது, இன்றைக்கு தியேட்டருக்குள் என்ன நடக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். கருவி தெரிந்தால் பயம் பாதி குறையும்.

முதலில் கல் இருக்கும் இடத்தைப் பார்ப்போம். முதுகுப் பக்கம், விலாவுக்குக் கீழே இரண்டு சிறுநீரகங்கள். அங்கே ஊறும் நீர் இரண்டு மெல்லிய குழாய்கள் வழியாக அடிவயிற்றுப் பைக்கு இறங்குகிறது. பை நிரம்பியதும் நாம் வெளியே விடுகிறோம். சிறுநீரகத்தில் வரும் கல்லுக்கும் பையிலேயே வளரும் கல்லுக்கும் காரணம் பெரும்பாலும் வேறு. வயதான ஆண்களுக்குப் பையின் கழுத்தில் இருக்கும் புரொஸ்டேட் சுரப்பி பருத்து வழியை நெருக்கும். எவ்வளவு முக்கினாலும் கொஞ்சம் நீர் உள்ளே தங்கிவிடும். தங்கிய நீரில் உப்புகள் படிந்து, படிந்ததன் மேல் மேலும் படிந்து கல்லாகும். நீண்ட நாள் ரப்பர் குழாய் போட்டிருப்பவர்களுக்கும், முதுகெலும்பு அடிபட்டுப் பையின் உணர்வு போனவர்களுக்கும் இதேபோல் வரலாம்.

அடையாளமும் தெளிவானது. நீர் போய்க்கொண்டிருக்கும்போதே சட்டென்று நிற்கும். உடம்பைச் சாய்த்தால் மறுபடி போகும். கல் உருண்டு வந்து வாசலை அடைக்கிறது, அசைந்ததும் விலகுகிறது. கடைசிச் சொட்டில் சுள்ளென்று வலி குறியின் நுனிவரை ஓடும். சில வேளை இரத்தமும் கலந்து வரும்.

இன்றைக்கு இது தாத்தாமார் நோய். ஒரு காலத்தில் ஏழை வீட்டுப் பிள்ளைகளின் நோயாகவும் இருந்தது. பாலும் முட்டையும் மீனும் இல்லாமல் வெறும் தானியக் கஞ்சியில் வளரும் குழந்தைகளின் பையில் கல் கட்டும். இங்கிலாந்தின் நோரிச் பக்கம் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இப்படி ஏராளமான சிறுவர்கள் சிகிச்சைக்கு வந்தார்கள். தாய்லாந்தின் வடகிழக்கில் பிறந்த சில நாட்களிலேயே குழந்தைக்குப் பசையரிசி ஊட்டிய கிராமங்களிலும் இதே கதை. வட இந்தியாவில் பெரும் பகுதியிலும் இருந்தது. சாப்பாடு தேறிய இடங்களில் பிள்ளைகளின் கல் எந்தக் கருவியும் படாமலே மறைந்து போனது. லயத்துப் பிள்ளைகளின் தட்டில் பருப்பும் முட்டையும் நெத்தலியும் இருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி கத்திக்கு வருவோம்.

பழைய முறை கொடியது, அதை மறைக்கப் போவதில்லை. சுசுருத சம்ஹிதையில் அதன் படிகள் எழுதப்பட்டிருக்கின்றன. நோயாளியை பலசாலி ஒருவர் பிடித்துக்கொள்ள, வைத்தியர் எண்ணெய் பூசிய விரல்களை ஆசனவாய் வழியாக விட்டுக் கல்லைக் கீழே தள்ளிக் கொண்டுவருவார். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே ஓடும் கோட்டின் இடப்பக்கம், ஒரு யவதானிய அளவு தள்ளிக் கீறுவார். பிறகு முனை வளைந்த கொக்கியால் கல்லை வெளியே எடுப்பார். ரோம நாட்டு செல்சஸ் முதலாம் நூற்றாண்டில் எழுதிவைத்த முறையும் ஏறக்குறைய இதுவே. கருவிகள் இரண்டுதான்: ஒரு கத்தி, ஒரு கொக்கி.

அந்தப் பழைய நூல் சொல்லும் இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். ஒன்று, செய்யாவிட்டால் சாவு நிச்சயம், செய்தாலும் பிழைப்பது சந்தேகம், ஆகவே அரசனிடம் அனுமதி பெற்றுச் செய் என்கிறது. அவ்வளவு ஆபத்து. இன்னொன்று, கல்லை உடையாமல் முழுதாக எடு, துணுக்கு மிஞ்சினால் அது மறுபடி வளரும் என்கிறது. பிறகு வந்த கருவி ஒவ்வொன்றையும் இந்த இரண்டாவது வார்த்தையை வைத்தே அளந்து பார்க்கலாம்.

மயக்க மருந்து இல்லாத காலத்தில் வேகம்தான் கருணை. இலண்டன் சென்ட் தோமஸ் வைத்தியசாலையின் வில்லியம் செசல்டன் 1727இல் பக்கவாட்டில் கீறும் முறையைச் செம்மைப்படுத்தி, ஒரு நிமிடத்துக்குள் கல்லை எடுத்துவிடுவார். பள்ளம் ஓடிய வளைந்த இரும்புக் கம்பி ஒன்றை முதலில் நீர்த்துவாரம் வழியாகப் பைக்குள் விடுவார்கள். கத்தியின் முனை அந்தப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டே போகும், வழி தவறாது. பிறகு நீண்ட இடுக்கி, கல்லைப் பற்றி இழுக்க. துணுக்குகளை வழிக்க ஒரு கரண்டி. அவருடைய முதல் 213 நோயாளிகளில் 20 பேர் இறந்தார்கள். அந்தக் காலத்துக்கு இது வியக்கத்தக்க வெற்றி. கால்களை உயர்த்தி விரித்துப் படுக்க வைக்கும் அந்த நிலை இன்றும் கல்லறுப்பின் பேராலேயே வைத்தியர்களிடம் வழங்குகிறது. பிரசவ அறையிலும் அதே நிலைதான்.

நம் நாட்டில் சத்திரசிகிச்சைக் கல்வி தமிழிலேயே நடந்த காலம் உண்டு. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் பணி செய்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தம் மாணவர்களுக்குத் தமிழில் வைத்தியம் படிப்பித்தார். டிரூயிட் என்பவரின் சத்திரசிகிச்சை நூல் ‘இரண வைத்தியம்’ என்ற பெயரில் 1867இல் அவர் முயற்சியால் தமிழில் அச்சானது. சத்திரசிகிச்சையைத் தமிழில் விளக்கலாம் என்பதற்கு 150 ஆண்டுக்கும் மேலான சாட்சி அது. இன்றைக்கு மலையகத்து மனிதர் ஒருவர் தமக்கு நடக்கப் போவதை விளங்காமலே கைநாட்டு வைப்பது நியாயமில்லை.

“வெட்டாம உள்ளுக்கே ஒடைக்க ஏலாதா?” 

உங்களுக்கு முன்பே இதைக் கேட்ட ஒருவர் இந்தியாவில் இருந்தார். குளோட் மார்ட்டின் என்ற பிரெஞ்சுக்காரர். 1752இல் சிப்பாயாகப் பாண்டிச்சேரிக்கு வந்து, பிறகு ஆங்கிலேயர் படையில் சேர்ந்து, லக்னோவில் பெரும் செல்வரானார். அங்குள்ள லா மார்ட்டினியர் பள்ளிக்கூடம் அவர் விட்டுச் சென்ற சொத்தில் எழுந்தது. அவருக்குப் பையில் கல். கத்திக்கு அவரும் பயந்தார். 1782இல் மெல்லிய உருக்குக் கம்பி ஒன்றின் முனையை அரம்போல் செய்து, குழாய் வழியாகத் தாமே உள்ளே செலுத்தி, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக அராவினார். ஒரு நாளில் பல தடவை, மாதக்கணக்கில். பொடி நீரோடு வெளியேறியது. யாரும் பின்பற்றக் கூடாத காரியம் அது. ஆனாலும் வயிற்றையோ அடிப்பகுதியையோ கீறாமல் கல்லை உள்ளேயே சிதைக்கலாம் என்பதற்கு முதல் ஆதாரங்களில் ஒன்றாக அவருடைய அனுபவத்தை வைத்திய வரலாறு எழுதி வைத்திருக்கிறது.

1824 சனவரியில் பாரிஸில் ஜான் சிவியால் என்ற வைத்தியர் அதை முறையாகச் செய்து காட்டினார். அவருடைய கருவி ஒரு நேரான குழாய். உள்ளே போனதும் அதன் நுனியில் மூன்று நகங்கள் விரிந்து கல்லைக் கவ்வும், நடுவில் ஒரு துளைக்கும் கம்பி சுழன்று கல்லைக் குடையும். பத்தாண்டு கழித்து பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் கணக்கெடுத்துப் பார்த்தது. வெட்டி எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்திருந்தார். உள்ளே சிதைத்தவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். சிவியால் இலேசான நோயாளிகளை மட்டும் தெரிந்தெடுத்தார் என்ற குறை சொல்லப்பட்டது உண்மைதான். ஆனாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

மூன்று நகக் கருவி பிறகு இரண்டு தாடைக் கருவியாக மாறியது. உங்கள் பாக்குவெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு கம்பி அளவுக்கு மெலிந்தது, நுனியில் வளைந்தது. ஒரு தாடை மற்றதன் பள்ளத்துக்குள் வழுக்கி ஓடும். மூடிய நிலையில் பைக்குள் போகும், அங்கே திறக்கும், கல் தாடைகளுக்கு நடுவில் வந்து விழும். கைப்பிடியில் இருக்கும் திருகை முறுக்க முறுக்க நெரிந்து கல் உடையும். உடைப்பதற்கு முன் வைத்தியர் கருவியை மெல்லத் திருப்பி, கல் தனியாக அசைகிறதா என்று பார்ப்பார். அசையாவிட்டால் பையின் சுவரும் சேர்ந்து மாட்டியிருக்கிறது என்று பொருள். கண்ணால் பார்க்க வழியே இல்லாத நாட்களில் இத்தனையும் கைப்பக்குவம்.

கல் இருக்கிறதா என்று அறிவதும் அப்படித்தான் நடந்தது. வளைந்த உலோகக் கம்பி ஒன்றைப் பைக்குள் விட்டு மெதுவாகத் துழாவுவார்கள். கல்லில் பட்டால் ‘டிக்’ என்று ஒலி கேட்கும், விரலிலும் அதிர்வு தெரியும். அந்த ஒலி கேட்காமல் கத்தியை எடுக்கக் கூடாது என்பது நல்ல வைத்தியர்களின் விதி. 

“பொடியாக்கிட்டா அந்தப் பொடி எங்க போவும்?”

சரியான இடத்தில் பிடித்தீர்கள் மாமா. அந்தக் கேள்விக்கு ஒரு சக்கரவர்த்தியின் உயிர் போனது. பிரான்ஸின் மூன்றாம் நெப்போலியன் பதவி இழந்து இங்கிலாந்தில் இருந்தபோது, 1873 சனவரியில் சர் ஹென்றி தொம்சன் அவருடைய கல்லை நெரித்தார். ஒரே தடவையில் முடிக்கும் வழக்கம் அன்று இல்லை. கொஞ்சம் உடைப்பார்கள், துண்டுகள் தாமாக வெளியேறட்டும் என்று சில நாள் விடுவார்கள், மறுபடி உடைப்பார்கள். இரண்டு தடவை ஆயிற்று. மூன்றாவது தடவைக்குக் குறித்த நாளில், சனவரி 9ஆம் தேதி, அவர் இறந்தார். இந்த இடைவெளி நாட்கள்தான் அந்த முறையின் பெரிய குறை. கூர்முனைத் துண்டுகள் பைக்குள் கிடந்து சுவரைக் கிழிக்கும், வாசலை அடைக்கும், கிருமி பெருகும்.

இதைத் தீர்த்தவர் பொஸ்டன் நகரத்து ஹென்றி ஜேக்கப் பிகலோ. 1846இல் அங்கே ஈதர் மயக்க மருந்து அறிமுகமானபோது அந்தச் செய்தியை உலகுக்கு எழுதியவரும் இவர்தான். நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது அவசரம் எதற்கு என்று யோசித்தார். 1878இல் வெளியிட்ட அவருடைய முறை இது: கல்லை முழுக்கப் பொடியாக்கு, பிறகு அகலமான குழாயைப் பைக்குள் விட்டு, ரப்பர்க் குமிழை அமுக்கி நீரைப் பாய்ச்சு, விட்டுவிடு. நீர் திரும்பி வரும்போது பொடியையும் அள்ளிக்கொண்டு வரும். கடைசித் துணுக்கு வரும்வரை அதே இருப்பில் செய்து முடி.

இந்த முறையை வேறெங்கையும் விட வேகமாகத் தேற்றியது இந்தியா, ஏனென்றால் கல் நோயாளிகள் அங்கே அவ்வளவு பேர். பீட்டர் ஃப்ரேயர் என்ற அயர்லாந்துக்காரர் வட இந்தியாவில் நூற்றுக்கணக்கானோருக்கு இதைச் செய்து, அந்தக் கைத்தேர்ச்சியோடு இலண்டனுக்குத் திரும்பினார். இந்தூரில் டெனிஸ் கீகன் சின்னஞ்சிறு கருவிகளால் சிறுவர்களுக்கும் இதைச் செய்யலாம் என்று 1880களில் காட்டினார். பிள்ளைகளின் நீர்வழி இதற்குத் தாங்காது என்று மேல்நாட்டு வைத்தியர்கள் அதுவரை நம்பியிருந்தார்கள்.

மிஞ்சியிருந்தது பார்வை ஒன்றுதான். 1877இல் ஜெர்மனியின் மக்ஸிமிலியன் நிட்சே, நுனியில் விளக்கும் உள்ளே கண்ணாடி வில்லைகளும் கொண்ட குழாயைச் செய்தார். பையின் உட்புறம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. 1950களின் கடைசியில் ஹரல்ட் ஹொப்கின்ஸ் என்ற விஞ்ஞானி கண்ணாடித் தண்டுகளை வரிசையாக அடுக்கும் புது அமைப்பைக் கண்டுபிடித்த பிறகு அந்தக் காட்சி பிரகாசமானது. ஒலி கேட்டு, அதிர்வு உணர்ந்து செய்த வேலை, கண்ணால் பார்த்துச் செய்யும் வேலையானது.

இனி உங்கள் முறை. பதுளைப் பெரியாஸ்பத்திரியோ வேறெதுவோ, இன்றைய தியேட்டரில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

முதுகில் ஒரு ஊசி போடுவார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துவிடும், நீங்கள் விழித்தே இருக்கலாம். நீர்த்துவாரம் வழியாக ஒரு மெல்லிய குழாய்க் கருவி போகும். இந்தக் கருவிகளின் பருமனை பாரிஸில் கருவி செய்த ஷாரியர் வகுத்த அளவில்தான் இன்றும் சொல்கிறார்கள். எண்ணை மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டர் கிடைக்கும். 22 என்றால் விட்டம் 7 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதற்குள்ளேயே விளக்கு, கமரா, நீர் போகும் வழி, கல்லை உடைக்கும் கம்பி எல்லாம் அடக்கம். உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்கும், பையை விரித்து, காட்சியைத் தெளிவாக வைக்க. கல் திரையில் தெரியும்.

உடைக்கப் பல கருவிகள் உண்டு. காற்றழுத்தக் கருவியில் ஒரு உலோகக் கம்பி வினாடிக்குப் பல தடவை கல்லைத் தட்டும். கல் நொறுங்கும், மென்மையான சதை விலகிக் கொடுக்கும். இன்னொன்று லேசர். ஹோல்மியம் லேசரின் கதிர், அரை மில்லிமீட்டர் அளவுள்ள இழை வழியாகப் போய்க் கல்லைத் தொட்ட இடத்தில் சிதைக்கும். தண்ணீர் அந்தக் கதிரை உடனே உறிஞ்சிவிடுவதால் நுனியிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் சுவருக்கு அது எட்டாது. பழைய தாடைக் கருவியும் இன்னும் இருக்கிறது, இப்போது கண்பார்வையோடு. எதை எடுப்பது என்பது கல்லின் அளவையும் கடினத்தையும் அங்கே உள்ள வசதியையும் பொறுத்தது.

கடைசிக் கட்டத்தில் பிகலோவின் யோசனை அப்படியே நிற்கிறது. குழாயின் வாயில் நீர் நிரப்பிய ஒரு குமிழைப் பொருத்துவார்கள். எலிக் என்பவர் 1937இல் வடிவமைத்தது. முதலில் அதிலுள்ள காற்றுக் குமிழிகளை விரட்ட வேண்டும், காற்று இருந்தால் இழுவை குறையும். பிறகு அமுக்குவார்கள், விடுவார்கள். அமுக்கும்போது நீர் பைக்குள் பாய்ந்து துணுக்குகளைக் கலக்கும், விடும்போது அவை நீரோடு திரும்பிவந்து கீழ்க் கண்ணாடிக் குடுவையின் அடியில் மணல்போல் படியும். நீர் தெளியும்வரை செய்துவிட்டு, கமராவை மறுபடி உள்ளே விட்டு மூலைமுடுக்கெல்லாம் தேடுவார்கள். சுசுருதர் சொன்ன வார்த்தையை நிறைவேற்றும் தருணம் அதுதான்.

ஆகவே “கத்தி வைப்பாங்களா” என்ற கேள்விக்கு விடை: பெரும்பாலும் இல்லை. கல் மிகப் பெரிதாக இருந்தால், நிறைய இருந்தால், நீர்வழி சுருங்கியிருந்தால் அடிவயிற்றில் கீறி எடுப்பது இன்றும் நல்ல சிகிச்சை. சிறு பிள்ளைகளுக்கும் சில வேளை அதுவே பாதுகாப்பு. வலி தெரியாமல், கிருமி கொல்லும் மருந்தோடு செய்வது. அப்படிச் சொன்னால் பயந்து ஓடி வராதீர்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: நாளைக் கடத்தக் கடத்தக் கல் பெருக்கும், கத்தி தேவைப்படும் வாய்ப்பும் கூடும்.

“பொல்பலா அவிச்சுக் குடிச்சா கரையாதா?”

பொல்பலா, நம் சிறுபீளைதான், ஆண்டாண்டாகக் குடித்து வந்தது. நீர் நன்றாக இறங்க உதவும் என்று குடிக்கிறோம், சரி. ஆனால் பைக்குள் கெட்டியாகிவிட்ட கல்லை அது கரைத்துவிடும் என்று நம்பிக் காத்திருக்கக் கூடாது. யூரிக் அமிலக் கல் போன்ற சிலவகையே மருந்தால் கரையக் கூடியவை, அதையும் வைத்தியர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். தேத்தண்ணியை நிறுத்தவும் வேண்டாம். கவலைப்பட வேண்டியது நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதைப் பற்றித்தான். மலையில் கக்கூஸ் இல்லை என்பதால் கொழுந்து பறிக்கும் பெண்கள் தண்ணீரையே தவிர்த்து, வருகிற மூத்திரத்தையும் அடக்குகிறார்கள். அவர்களுக்கு நீர்க்கடுப்பு அடிக்கடி வருவதில் ஆச்சரியம் என்ன? வேலை மலையில் ஒரு கக்கூஸ் கட்டிக் கொடுப்பது எந்த மருந்துக்கும் குறைந்த வைத்தியமல்ல. தோட்டத்தில் கூட்டம் நடக்கும்போது இதைக் கேட்க வேண்டும்.

போகும்போது செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பெரகல, அப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளைக்குப் போகும் பாதை மழைக்காலத்தில் மண் சரிந்து அடைபடக் கூடியது. குறித்த திகதிக்கு முதல் நாளே போய்ச் சேருங்கள். ஸ்கேன், எக்ஸ்ரே, பழைய துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். இரத்தத்தை இளக வைக்கும் மாத்திரை எடுத்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். எத்தனை மணியோடு சாப்பாட்டையும் தேத்தண்ணியையும் நிறுத்த வேண்டும் என்று வாட்டில் கேட்டு, அதன்படி நடங்கள். ஒப்பரேஷன் முடிந்து ஓரிரு நாள் குழாய் இருக்கும், நீர் இளஞ்சிவப்பாக வரும், அது வழக்கம். வீட்டுக்கு வந்தபின் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் அடித்தாலோ, இரத்தக் கட்டி வந்து நீர் அடைத்தாலோ விடியட்டும் என்று பார்க்காமல் கொஸ்லந்த ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள்.

டொக்டரிடம் இரண்டு கேள்வி மறக்காமல் கேளுங்கள். “எல்லாத் துணுக்கும் வந்துருச்சாங்க?” என்பது ஒன்று. “என் பையில நீர் தங்குறதுக்கு என்ன காரணம், அதுக்கும் இப்பவே வைத்தியம் செய்வீங்களா?” என்பது மற்றது. புரொஸ்டேட் பருத்திருந்தால் பல வேளை கல்லோடு சேர்த்து அதையும் அதே நாளில் சீவி எடுத்துவிடலாம், இல்லாவிட்டால் மாத்திரை கொடுப்பார்கள். அடைப்பை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் எடுத்தால், தங்கும் நீரில் அடுத்த கல் பிடிக்க ஆரம்பித்துவிடும். சிங்களத்தில் கேட்கத் தயக்கமாக இருந்தால் பேரனையோ பேத்தியையோ கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு கேள்விக்கும் பதில் விளங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.